செல்லம்மாளுக்கு வாங்கிய இன்ஜின்

பெருநகர் கிராமத்தில் யாரை நிறுத்திக் கேட்டாலும் வீராசாமி வாங்கிய இன்ஜின் தங்கமான இன்ஜின் என்றுதான் சொல்வார்கள். எண்பத்தைந்தாம் வருஷத்து மழையில் ரெண்டு நாள் நிற்காமல் ஓடியது என்பார்கள். அதோடு வாயை மூடிக்கொண்டால் பரவாயில்லை. மூடமாட்டார்கள். "இன்ஜின் ஓடிக்கினேதான் இருந்திச்சி. பக்கத்துல குந்திக்கினு இருந்த மேஸ்திரிக்குத்தான் ட்யூப்ப ஒயுங்கா வுடத் தெரியல. கூட இருந்தே அந்தப் பொம்பளைய சாவ வுட்டுட்டான்" என்று சேர்த்துக்கொள்வார்கள்.

அந்த மேஸ்திரி கன்னியப்பன். உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் இருநூறு கிணற்றுக்கு மேல் ஆயில் இன்ஜின் பூட்டிக் கொடுத்தவன். நாலு வருஷமாக இந்தப் பேச்சை அவன் டீக்கடையில் கேட்டிருக்கிறான், கல்யாணப் பந்தியில் கேட்டிருக்கிறான், ஒருமுறை பம்ப் செட்டுக்குக் கீழே படுத்து நட்டு முடுக்கிக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலேயே கேட்டிருக்கிறான். "மேஸ்திரிய கெணத்தோட நிறுத்திக்கோங்கப்பா, வூட்டுக்குள்ள மட்டும் வுட்டுடாதீங்க" என்று எவனோ சொல்ல, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கன்னியப்பன் நட்டை முடுக்கி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, கூலியைக்கூட வாங்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பதில் தெரியாமல் இல்லை. வீராசாமி உயிரோடு இருக்கும்வரை அதைச் சொல்லக் கூடாது என்று இருந்தது. வீராசாமி போன தை மாதம் போய்ச் சேர்ந்துவிட்டார். இனிமேல் சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை.

செல்லம்மாள் வீராசாமியின் பெண்சாதி. பிறந்தது கன்னியப்பனின் ஊரில், அவன் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. அதனால் அவனுக்கு அக்கா. வாழ வந்தது பெருநகர். நடவுக்குப் போகும் பெண்களில் முப்பது பேருக்கு அவள்தான் தலைமை. எந்தக் கழனிக்கு என்றைக்குப் போவது, கூலி எத்தனை படி என்பதை அவள்தான் பேசி முடிப்பாள். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் படியில் நெல்லைக் கோபுரமாக அளக்காமல் தலைதட்டி அளந்த மிராசுதாரை முப்பது பேர் எதிரில், "இன்னாங்க, ஒங்க வூட்டுப் படிக்கு மட்டும் தல மொட்டையா" என்று கேட்டவள். குரல் அப்படி. ஏரிக்கரையிலிருந்து அவள் ஒரு கூப்பாடு போட்டால் உத்திரமேரூர் பஸ் நின்று ஏற்றிக்கொண்டு போகும்.

கழுத்தில் கட்டி வந்தது. முதலில் எலுமிச்சை அளவு, பிறகு விளாம்பழ அளவு. முந்தானையைச் சுற்றி மறைத்துக்கொண்டு ரெண்டு போகம் நடவு நட்டாள். மூச்சு முட்டத் தொடங்கிய பிறகுதான் வீராசாமி மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். கட்டியை எடுத்தார்கள். எடுத்ததில் குரல் நரம்பு போய்விட்டது, தொண்டை முக்கால்வாசி மூடிக்கொண்டது. மூச்சு விடுவதற்காகக் கழுத்துக் குழியில் ஓட்டை போட்டு, ஒரு வெள்ளிக் குழாயைச் சொருகி அனுப்பினார்கள்.

அதற்கப்புறம் செல்லம்மாள் பேச வேண்டும் என்றால் அந்தக் குழாயை விரலால் மூட வேண்டும். மூடினால் காற்று மேலே போகும், கரகரவென்று ஒரு சத்தம் வரும், அதில்தான் பேச்சு. விரலை எடுத்தால்தான் அடுத்த மூச்சு. ஒரு மூச்சுக்கு நாலு வார்த்தை. முப்பது பேரை மேய்த்தவள், நாலு வார்த்தைக்குள் சொல்ல முடியாததைச் சொல்லாமலே விடப் பழகிக்கொண்டாள்.

வெயில் காலத்தில் ஒன்றும் தெரியாது. இருமி, குழாய் வாயில் வரும் சளியைத் துணியால் துடைத்துக்கொள்வாள். மழைக் காலத்தில் சளி பசை மாதிரி இறுகிக் குழாயை அடைக்கும். அதை உறிஞ்சுவதற்கு ஒரு மிஷின் கொடுத்திருந்தார்கள். டிரங்குப் பெட்டி அளவு. மேலே ஒரு கண்ணாடி பாட்டில், அதிலிருந்து ரப்பர் ட்யூப். சுவிட்சைப் போட்டு, ட்யூப்பைக் குழாய்க்குள் விட்டால் கொரகொரவென்று இழுத்து பாட்டிலில் சேர்க்கும். கரண்ட் இருந்தால் இழுக்கும்.

எண்பத்து நாலு புயலில் நாலு நாள் கரண்ட் இல்லை. ரெண்டாம் நாளே அவள் முகம் கருநீலமாகிவிட்டது. வீராசாமி வண்டி கட்டி, மழையில் மாட்டை அடித்து ஓட்டிக்கொண்டு காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். பிழைத்தாள். திரும்பி வந்த அன்றே வீராசாமி கன்னியப்பனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"மச்சான், அடுத்த மயைக்குள்ள வூட்லயே கரண்ட் எடுக்கணும். ஆவுமா?"

"ஆவும் மாமா. காசு ஆவும்."

"ஏர் மாட்ட விக்கறேன்."

மூன்று பேரும் காஞ்சிபுரம் போனார்கள். ஒரு கடையில் ஜப்பான் ஜெனரேட்டர் வைத்திருந்தார்கள். சிவப்புப் பெட்டி, பிடித்துத் தூக்கக் கைப்பிடி. பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, மண்ணெண்ணெயில் ஓடும் என்றான் கடைக்காரன். ஒரு கயிற்றை இழுத்தான். சடசடவென்று ஓடியது. நிறுத்திவிட்டு, செல்லம்மாளைப் பார்த்து, "நீங்க இழுங்கம்மா" என்றான்.

செல்லம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இழுத்தாள். ரெண்டாவது இழுப்பில் ஓடியது. ஆபரேஷனுக்குப் பிறகு அவள் பல் தெரியச் சிரித்ததைக் கன்னியப்பன் அன்றைக்குத்தான் பார்த்தான்.

பார்த்துவிட்டும் என்ன சொன்னான் தெரியுமா? "இன்னா மாமா இது, சுண்டக்கா மாதிரி கீது. கத்தறத பாரு, கோயிக்குஞ்சு கணக்கா. நாலு நாள் மயைக்கு இது தாங்குமா? ரிப்பேர்னு வந்தா நானும் தொட முடியாது, ஜப்பான்காரன்தான் வரணும்."

செல்லம்மாள் விரலைக் கழுத்துக்குக் கொண்டுபோனாள். "இதுவே போதும். நானே இழுப்பேன்."

"நீ ஏன்டி இழுக்கணும்? நான் எங்க போயிட்டேன்?" என்றார் வீராசாமி.

அதற்குப் பதில் சொல்ல நாலு வார்த்தை போதாது. அவள் கையை இறக்கிவிட்டாள்.

உத்திரமேரூரில் முகம்மது கௌஸ் என்று ஒரு பாய். டூரிங் கொட்டாய் நடத்தியவர். ஊருக்குள் பெரிய தியேட்டர் வந்ததும் கொட்டாயைப் பிரித்துவிட்டு இரும்புக் கடை போட்டிருந்தார். கொட்டாய்க்கு ஓட்டிய இன்ஜினும் டைனமோவும் கடைக்குப் பின்னால் தார்ப்பாய்க்குள் கிடந்தன. அஞ்சு ஹார்ஸ் பவர், ஒத்தை சிலிண்டர். தூக்குவதற்கு எட்டு ஆள் வேண்டும். கன்னியப்பன் தார்ப்பாயை விலக்கி, சக்கரத்தைத் தட்டிப் பார்த்தான். கைப்பிடியைப் போட்டுச் சுற்றி விட்டான். டொப்… டொப்… டொப் என்று நிதானமாக ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்கு அவன் மயங்கிவிட்டான். கழனிக்கு இன்ஜின் வாங்குகிறவன் எவனும் சத்தத்தைக் கேட்டுத்தான் வாங்குவான்.

கௌஸ் பாய் மட்டும், "வூட்டுக்கா வாங்குறீங்க?" என்று கேட்டார். "வாங்குறதுன்னா தாராளமா வாங்கிக்கோங்க, எனக்கு எடம் மிச்சம். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். இதுக்குன்னு ஒரு ஆபரேட்டர் வெச்சிருந்தேன். பொண்டாட்டியாண்ட பத்து நிமிசம் குந்தமாட்டான், இதாண்டயே கெடப்பான். ஆள் கூடவே இருக்கணும் மேஸ்திரி. பேஜார் புடிச்ச சாமான்."

"இருநூறு இன்ஜினு பூட்டிக்கிறேன் பாய். எனக்கே சொல்றியே" என்றான் கன்னியப்பன்.

வண்டியில் ஏற்றி வந்து, மாட்டை விற்று காலியாகிவிட்ட கொட்டகையில் இறக்கினார்கள். கன்னியப்பன் சிமெண்டு மேடை கட்டி உட்கார வைத்தான். அங்கேதான் அவன் செய்த தப்பு. அந்தத் தப்பை அவன் அன்றைக்கு உணரவில்லை.

இன்ஜின் சூடாகாமல் இருக்கத் தண்ணீர் வேண்டும். கிணற்றில் அந்தக் கவலையே கிடையாது. பம்பு இறைக்கும் தண்ணீரிலேயே ஒரு சின்னக் குழாய் பிரிந்து இன்ஜினுக்குள் போய், சூட்டை வாங்கிக்கொண்டு வாய்க்காலில் விழும். இந்தப் பக்கத்தில் எவனும் இன்ஜினுக்குத் தண்ணீர் ஊற்றியதில்லை. இன்ஜின்தான் எங்களுக்குத் தண்ணீர் ஊற்றும். கன்னியப்பன் ஒரு டிரம்மை மேடை மேல் ஏற்றி, கிணற்றில் செய்கிற மாதிரியே ஒரு குழாயை இன்ஜினுக்குள் விட்டு, இன்னொரு குழாயைச் சாக்கடைக்கு விட்டான். போன தண்ணீர் டிரம்முக்கே திரும்பி வரும்படி ஒரு வளைவு போட்டிருந்தால் போதும். அவனுக்குத் தோன்றவில்லை. அவன் பழகிய தண்ணீர் எப்போதுமே தீராத தண்ணீர்.

அரை மணி நேரம் ஓட்டிக் காட்டினான். வீடெல்லாம் பல்பு எரிந்தது. சளி மிஷின் ஜம்மென்று இழுத்தது. தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. எல்லோரும் போன பிறகு செல்லம்மாள் கொட்டகைக்கு வந்து, கைப்பிடியைப் பிடித்துச் சுற்றிப் பார்த்தாள். கால் சுற்றுக்கு மேல் நகரவில்லை. புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எண்பத்தைந்து கார்த்திகை. ஐந்து நாளாக விடாத மழை. செல்லம்மாளுக்குக் காய்ச்சல் கண்டு, சளி இறுகிக்கொண்டு வந்தது. மருந்தும் புது ரப்பர் ட்யூப்பும் வாங்க வீராசாமி காலை பஸ்ஸில் காஞ்சிபுரம் கிளம்பினார். போகும்போது கன்னியப்பனை வரவழைத்து வைத்துவிட்டுத்தான் போனார்.

"சாயங்காலம் வந்துடுவேன் மச்சான். கரண்ட் போனா ஸ்டார்ட் பண்ணிக் குடு, அவ்ளோதான்."

பாலாறு ரெண்டு கரையும் அடித்துக்கொண்டு வந்தது. பஸ்களையெல்லாம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கையிலேயே நிறுத்திவிட்டார்கள். வீராசாமி மூணாம் நாள்தான் வந்து சேர்ந்தார்.

இங்கே பகல் பன்னிரண்டு மணிக்கே கரண்ட் போய்விட்டது. கன்னியப்பன் இன்ஜினைச் சுற்றினான். மூணாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. மிஷினைப் போட்டுச் சளியை இழுத்தான். செல்லம்மாள் கண்ணை மூடி மூச்சு விட்டாள். ஒரு மணி நேரம் கழித்துக் கொட்டகையிலிருந்து ஆவி வாடை வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் டிரம் காலி. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஊற்றிய தண்ணீரெல்லாம் சாக்கடைக்குப் போயிருந்தது.

இன்ஜினை நிறுத்தி, டிரம்மை நிரப்பி, மறுபடி சுற்றினான். ஈரக் காற்றில் அது பிடிக்கவில்லை. முக்கால் மணி நேரம் சுற்றினான். உள்ளே செல்லம்மாள் சுவரைப் பிறாண்டிக்கொண்டிருந்தாள். அது பிடித்துக்கொண்ட பிறகு, இனி உயிரே போனாலும் இதை நிறுத்துவதில்லை என்று முடிவு செய்தான். குழாயை மாற்றிப் போடவும் இன்ஜினை நிறுத்தித்தான் ஆக வேண்டும்; நிறுத்தாமல் ஓட வேண்டும் என்றால் நிறுத்தாமல் தண்ணீர் ஊற்ற வேண்டும். வீராசாமியின் தம்பி பெண்சாதி எல்லம்மாள் குடத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். தெருவிலேயே முழங்கால் தண்ணீர். அதை மொண்டு, துணியில் வடிகட்டி, டிரம்மில் ஊற்றிக்கொண்டே இருந்தாள். அவள் டிரம்மைப் பார்த்துக்கொள்ள, இவன் ட்யூப்பைப் பார்த்துக்கொள்ள, அன்றைய பொழுதும் ராத்திரியும் அப்படியே போயின.

"யோவ் மேஸ்திரி, இத்தினி தண்ணிய மாட்டுக்கு ஊத்தியிருந்தாக்கூட கன்னு போட்டிருக்கும்யா" என்று எல்லம்மாள் விடியும்போது சொன்னாள். செல்லம்மாளுக்கும் கேட்டது. தோள் குலுங்கியது. அவள் சிரிப்புக்குச் சத்தம் கிடையாது.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். எல்லம்மாளின் வீட்டுச் சுவர் இடிந்துவிட்டது என்று தெருவில் கத்திக்கொண்டு போனார்கள். அவள் வீடு தெருக்கோடி. உள்ளே மூன்று குழந்தைகள். குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். அவள் போகும்போது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அதைத்தான் அவள் இன்றுவரை ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பொய் இல்லை, அவள் கண்டது அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்த வீட்டுப் பக்கம் யாரும் வரவில்லை. மழைச் சத்தத்தில் அந்த வீட்டில் எது ஓடியது, எது நின்றது என்று அடுத்த வீட்டுக்கும் கேட்டிருக்காது.

கன்னியப்பன் டிரம்மை நிரப்பிவிட்டு உள்ளே வந்தான். செல்லம்மாளுக்குச் சளி வந்து அடைத்தது. ட்யூப்பை விட்டு இழுத்தான். கொஞ்சம் வந்தது, மறுபடி அடைத்தது. எடுப்பதும் விடுவதுமாக அவளை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. திடீரென்று கொட்டகைச் சத்தம் மாறியது.

இன்ஜின் சூடேறினால் சத்தம் இறுகும். டொப் டொப் என்று விட்டு விட்டு அடிப்பது மங்கி, ஒரு முனகல் சேர்ந்துகொள்ளும். ஊரில் வேறு எவனுக்கும் அது தெரியாது. கன்னியப்பனுக்குத் தெரியும். டிரம் காலி. இப்போது எழுந்து ஓடிப்போய் ரெண்டு குடம் ஊற்றினால் இன்ஜின் பிழைக்கும். ட்யூப்பை எடுத்தால் இவள் போய்விடுவாள். ட்யூப்பை எடுக்காவிட்டால் இன்ஜின் நிற்கும், இன்ஜின் நின்றால் மிஷின் நிற்கும், அப்போதும் இவள் போய்விடுவாள்.

"யக்கா, ஒரு நிமிசம். ஒரே நிமிசம் தம் புடிச்சிக்கோ."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. அவன் அவள் விரல்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோதே கொட்டகையில் கிறீச்சென்று ஒரு சத்தம் கேட்டது. பல்பு மங்கி அணைந்தது. மிஷின் ஓய்ந்தது.

ஓடிப்போய்க் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினான். அசையவில்லை. பிஸ்டன் பிடித்துக்கொண்டுவிட்டது. ஆற வேண்டும், மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைக்க வேண்டும். ஒரு ராத்திரியாவது ஆகும். மறுநாள் விடிந்து, எல்லாம் முடிந்த பிறகு, அவன் அதையும் செய்தான். கடப்பாரையைக் கொடுத்து நெம்பி நெம்பி அது விட்டது. வீராசாமி வந்து, எதற்கென்று தெரியாமல் கொட்டகைக்குப் போய்க் கைப்பிடியைச் சுற்றியபோது நல்ல பிள்ளை மாதிரி ஓடியது. இன்றைக்கும் அவர் தம்பி கிணற்றில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்த நேரத்துக்கு அது வெறும் இரும்பு.

வாசலில் அவன் சைக்கிள் நின்றது. அதில் காற்றடிக்கும் பம்பு. அதைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்தான். பம்புக்குள்ளே தோல் வாஷர் ஒன்று இருக்கும், கிண்ணம் மாதிரி. அதைக் கழற்றித் திருப்பிப் போட்டால் அடிக்கிற பம்பு உறிஞ்சுகிற பம்பாகும். அவன் அப்படியே திருப்பிப் போட்டான். கண்ணாடி பாட்டிலின் மூடிக் குழாயில் பம்பைச் சொருகித் துணி சுற்றி, ட்யூப்பை அவள் கழுத்துக்குள் விட்டு, பாட்டிலை முழங்காலில் இடுக்கிக்கொண்டு இழுத்தான். சளி வந்தது. நூல் நூலாக வந்தது. அவள் உதட்டில் கொஞ்சம் நிறம் திரும்பியது.

இழுத்தான். பத்து இழுப்புக்கு ஒரு சொட்டு. மிஷின் ஒரு நொடியில் இழுப்பதை அவன் இழுப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும்போல இருந்தது. பன்னிரண்டு ஆயிற்று, ஒன்று ஆயிற்று. யாராவது வரமாட்டார்களா என்று தெருவைப் பார்த்துக் கூப்பிட்டான். மழை அவன் குரலைத் தின்றுவிட்டது. ஒன்றரை மணி வாக்கில் தோல் வாஷர் ஊறி நைந்து, பம்பு பாதிதான் இழுத்தது. சளியில் ரத்தம் வரத் தொடங்கியது. வாயை வைத்தே ட்யூப்பை உறிஞ்சித் துப்பினான். மறுபடி பம்பைப் பிடித்தான். பேசிக்கொண்டே இருந்தான். என்ன பேசினான் என்று அவனுக்கே ஞாபகமில்லை. மாமா வந்துடுவார், தண்ணி வடிஞ்சிடும், டாக்டர் வருவார் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னான்.

மூணு மணி இருக்கும். செல்லம்மாள் கண்ணைத் திறந்து அவன் கை மேல் கை வைத்தாள். பம்பை நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினாள். விரலைக் கழுத்துக்குக் கொண்டுபோக ரெண்டு தரம் முயன்றும் அவளால் முடியவில்லை, அவன்தான் பிடித்துக் கொண்டுபோய் வைத்தான்.

"இன்ஜினு நின்னுடுச்சா?"

"சூடாயிடுச்சி யக்கா. ஆறினா ஓடும்."

விரலை எடுத்து ஒரு மூச்சு. அது பாதிதான் உள்ளே போனது. மறுபடி மூடினாள்.

"ஒங்க மாமனுக்குத் தெரியக்கூடாது."

"தெரிஞ்சா இன்னா யக்கா? மிஷின்னா நிக்கத்தான் நிக்கும்."

"நான் இழுக்கறேன்னு சொன்னேன்." ஒரு மூச்சு. "அது கேக்கல." இன்னொரு மூச்சு. "அதையே நெனச்சிக்கினு இருக்கும்." இந்தத் தடவை வெகுநேரம் ஆயிற்று. "கெணத்துல போயி வுயுந்துடும்."

"பெரிசா வாங்கச் சொன்னது நாந்தான யக்கா. தண்ணிக் கொயாய தப்பா வெச்சதும் நாந்தான். மாமா மேல இன்னா கீது."

அவள் அவனையே பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான்.

"தெரியும்" என்றாள். "அதான் ஒன்னாண்ட கேக்கறேன்."

விரல் வழுக்கியது. அவன் அதைத் திரும்ப எடுத்து வைத்து, விழாமல் தன் விரலால் தாங்கிக்கொண்டான். மிச்சமிருந்த காற்றையெல்லாம் கூட்டி அவள் சொன்னாள்.

"ஓடிச்சின்னு சொல்லுடா. கடசிவரைக்கும் ஓடிச்சின்னு சொல்லு."